பழைய ஹைலக்ஸுக்கு எந்தப் பல் விகிதம்?

டர்பனில் கடல் மட்டத்தில் சுறுசுறுப்பாக ஓடும் 2.8 லிட்டர் டீசல் டொயோட்டா ஹைலக்ஸ், லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாயின் மேல் வளைவுகளில் திணறும். தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியிலிருந்து உச்சிவரை ஏற வேண்டிய உயரம் 1,332 மீட்டர். உச்சி இருப்பது 2,876 மீட்டரில். அந்த உயரத்துக் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்துவிடும். இப்படித் திணறிவிட்டு இறங்கி வருபவர்கள் எந்த எஞ்சினை மாற்றிப் போடலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அதற்கு விடை தயாராகவே இருக்கிறது: லெக்சஸின் 4 லிட்டர் வி8. அந்த விடையைத் தேடும் முன் வண்டியின் பல் கணக்கைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பழைய ஹைலக்ஸ்களில் குறைவது எஞ்சின் வலு இல்லை. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள விகிதம்தான் டயருக்குப் பொருந்தாமல் இருக்கிறது.

இங்கே பேசுவது முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் மேல் கெட்டி ஆக்சில் கொண்ட ஹைலக்ஸைப் பற்றி. அமெரிக்கச் சந்தையில் அந்த முன் ஆக்சில் 1985-ஆம் ஆண்டு மாடலோடு போய்விட்டது. தென்னாப்பிரிக்காவிலோ 1990-களின் பிற்பகுதிவரை புதிதாகவே வாங்க முடிந்தது. டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டன் ஆலையிலிருந்து வந்த இந்தப் பக்கிகள் (பிக்கப் வண்டிகளுக்கு இங்கே வழங்கும் பெயர்) டோங்காட், வெருலம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களிலும் கரும்புக் காட்டு மண் பாதைகளிலும் இன்னும் உழைக்கின்றன. வீட்டில் வேலை செய்பவருக்கு இந்த ஆக்சிலில் ஒரு பெரிய வசதி உண்டு. டிஃப், அதாவது ஆக்சிலின் நடுவில் சுழற்சியை இரு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பல் தொகுதி, முழுவதும் ஒரே உருண்டையாக ஹவுசிங்கின் முகத்திலிருந்து கழன்று வரும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பல் இடைவெளி அளக்க வேண்டாம், மேசையில் வைத்தே எல்லாம் செய்யலாம்.

முதலில் டிஃபில் இப்போது இருப்பது என்ன விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பிராப் ஷாஃப்ட் (டிஃபுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டு) எத்தனை சுற்று சுற்றுகிறது என்று தெரிய வேண்டும். முப்பது வயது வண்டியில் யார் எதை மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கையேட்டையோ விற்றவரின் சொல்லையோ நம்பாமல் எண்ணிப் பாருங்கள். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை விட்டுவிட்டு, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிராப் ஷாஃப்டில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரத்தின் இரண்டு சுற்று டிஃபுக்கு ஒரு சுற்று. எனவே சக்கரத்தை 20 சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்றியது என்று எண்ணினால் போதும். 41 சுற்று என்றால் விகிதம் 4.10. 43 என்றால் 4.30. நாற்பத்தைந்தரைக்குச் சற்று மேலே நின்றால் 4.56. 49-ஐ நெருங்கினால் 4.88. டிஃப் லாக் (இரு சக்கரத்தையும் ஒன்றாகச் சுழலப் பூட்டும் சாதனம்) பொருத்திய வண்டியில் இந்த முறை எடுபடாது. அதில் இரு சக்கரத்தையும் தூக்கிப் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். முன் ஆக்சிலையும் ஃப்ரீவீல் ஹப்பை (முன் சக்கரத்தை அதன் ஷாஃப்டோடு இணைக்கும் பூட்டை) பூட்டி இதேபோல் எண்ணிவிடுங்கள்.

இனி டயர். 235/75 ஆர்15 டயரின் விட்டம் 733 மி.மீ. அங்குலத்தில் சொல்லும் ‘முப்பத்தொன்று’ என்பது 787 மி.மீ., ‘முப்பத்துமூன்று’ என்பது 838 மி.மீ. கடைசியில் சொன்னது முதலாவதைவிட 14 விழுக்காடு பெரியது. அதாவது 4.10 டிஃப் உள்ள வண்டியில் முப்பத்துமூன்றைப் பூட்டினால், விகிதத்தை 3.59-க்கு இறக்கியதும் ஒன்றுதான். ஸ்பீடோமீட்டர், முன் பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின் ஷாஃப்டிலிருந்து ஓடுவதால் அதற்கு டயர் மாறியது தெரியாது. முள் 120 காட்டும்போது வண்டி 137-இல் போய்க்கொண்டிருக்கும், என்3 நெடுஞ்சாலையின் கேமராவோ உண்மையான வேகத்தைத்தான் படம் பிடிக்கும். 4.88 போட்டதும் இது தானாகவே சரிக்கு வந்துவிடுகிறது. முள் 100 காட்டினால் உண்மை 96.

முப்பத்தொன்றுக்கு 4.56, முப்பத்துமூன்றுக்கு 4.88 என்பதே எங்கள் தேர்வு. இரண்டிலும் கிடைக்கும் பயன், பழைய சிறிய டயரில் 4.25-ஐ ஒட்டிய விகிதத்துக்குச் சமம். தொழிற்சாலை நிலையைவிடச் சற்று வலுவான இழுவை, அவ்வளவுதான். ஐந்தாம் கியர் விகிதம் 0.85 என்று கொண்டால், 120 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 3,150 சுற்றில் ஓடும். சிறிய டயரும் 4.10-ம் இருந்தபோது அது 3,025. பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் ஏற்றத்தில் நான்காம் கியருக்கு இறங்க வேண்டிய இடம் சற்றுத் தள்ளிப்போகும். 5.29 விகிதமும் கிடைக்கிறது. ஆனால் அதன் பினியனில் (பிராப் ஷாஃப்டோடு சுழலும் சிறிய பல் சக்கரத்தில்) ஏழே பற்கள். 4.88-இல் எட்டு, 4.56-இல் ஒன்பது, 4.10-இல் பத்து. பல் குறையக் குறைய பினியன் தலை சிறுக்கும், ஒரே நேரத்தில் சுமை தாங்கும் பல்லும் குறையும். தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு 5.29 வேண்டாம்.

பாறை ஏறும் கணக்கு வேறு. முதல் கியர் 3.95, டிரான்ஸ்ஃபரின் லோ (மெதுவாக ஊர்வதற்கான நிலை) 2.28, டிஃப் 4.10. மூன்றையும் பெருக்கினால் 36.9. அதாவது எஞ்சின் 36.9 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 750 சுற்று ஐட்லில் சிறிய டயர் வண்டி மணிக்கு 2.8 கி.மீ. ஊரும். பெரிய டயரில் அதே வண்டி 3.2 கி.மீ. போகும். ஒரு பாறைப் படியில் டயரை மெல்ல உட்கார வைக்க இது வேகம் அதிகம், கிளட்ச்சைத் தேய்த்துத்தான் சமாளிக்க வேண்டியிருக்கும். 4.88 போட்டால் பெருக்கல் 43.9 ஆகும். டிரான்ஸ்ஃபருக்குள் லோ கியர் தொகுப்பை மாற்றி 2.28-ஐ 4.70 ஆக்கினால் 90.6 வரும், ஐட்லில் மணிக்கு 1.3 கி.மீ.

இதை எஞ்சின் மாற்றத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2.8 டீசலின் உச்ச முறுக்கு விசை 190 நியூட்டன் மீட்டரை ஒட்டியது, வி8-இல் 350 அளவு. உராய்வு இழப்பை விட்டுவிட்டால், பழைய விகிதத்தில் வி8 ஆக்சிலுக்குத் தருவது 12,900. அதே பழைய டீசல் 90.6 விகிதத்தில் தருவது 17,200. அதையும் அலறாமல், குறைந்த சுற்றில் தரும். எஞ்சின் மாற்றினால் ரேடியேட்டர், மவுன்ட், வயரிங், எரிபொருள் பம்பு, கிளட்ச் எல்லாம் மாறும். அதற்கு மேல் எஞ்சின் எண் வாகனப் பதிவில் இருப்பதால் காவல்துறை அனுமதி பெற்றுப் பதிவையும் திருத்த வேண்டும். பல் மாற்றத்தில் இந்த அலைச்சல் எதுவும் இல்லை.

ஆனாலும் 4.70-ஐ எல்லாருக்கும் பரிந்துரைக்க முடியாது. லோவில் ஐந்தாம் கியர் போட்டு 3,000 சுற்றில் ஓட்டினால்கூட வேகம் மணிக்கு 24 கி.மீ.தான். மழைக்குப் பின் கரும்புக் காட்டுச் சேற்றில் டயர் தன் மேல் ஒட்டிய மண்ணை உதற அந்தச் சுழற்சி போதாது, மணலிலும் அப்படியே. சானி கணவாய்க்கும் தோட்ட வேலைக்கும் 2.28 லோவும் 4.88 டிஃபும் தாராளம். இரண்டும் வேண்டுமென்றால் இரட்டை டிரான்ஸ்ஃபர்தான் வழி. ஒரு 2.28 பெட்டிக்குப் பின்னால் இன்னொரு 2.28 பெட்டி, நடுவில் இணைப்புத் தகடு. ஒன்றை மட்டும் லோவில் போட்டால் 2.28, இரண்டையும் போட்டால் 5.2. ஆனால் பின் பெட்டி 15 செ.மீ.க்கு மேல் பின்னால் நகரும். குறுக்குத் தாங்கியை இடம் மாற்ற வேண்டும், முன் பிராப் ஷாஃப்டை நீட்ட வேண்டும், பின்னதை வெட்டிக் குறுக்க வேண்டும். குறுகிய ஷாஃப்டின் சாய்வு கூடும். வண்டியை ஏற்கெனவே ஸ்பிரிங் போட்டு உயர்த்தியிருந்தால் யூ-ஜாயின்ட் அந்தக் கோணத்தில் அதிர்ந்து, சீக்கிரமே தேயும். ஷாஃப்டை வெட்டி ஒட்டும் வேலை வீட்டு வெல்டிங்குக்கு உரியதல்ல. பேலன்ஸ் செய்யும் பட்டறைக்குக் கொடுங்கள்.

பாகம் வாங்கும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. நான்கு சிலிண்டர் வண்டியின் டிஃபும் வி6 வண்டியின் டிஃபும் ஒரே எட்டு அங்குல கிரவுன் வீல் (பினியன் சுழற்றும் பெரிய பல் வளையம்) கொண்டவை, வெளியிலிருந்து ஒன்றுபோலவே தெரியும். ஆனால் உள்ளே பேரிங் அளவு வேறு, பல் தொகுப்பும் வேறு. தொழிற்சாலை மின் டிஃப் லாக் உள்ள டிஃபுக்கும் இப்படியே. கழற்றிய பழைய டிஃபைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தொகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். பழைய வண்டி உடைக்கும் கிடங்கில் 4.56 அல்லது 4.88 டிஃப் முழு உருண்டையாகக் கிடைத்தால் அதுவே மிகச் சிறந்த வழி. தொழிற்சாலையில் பொருத்திய பல் தொடர்பைக் குலைக்காமல் அப்படியே மாற்றிப் பூட்டலாம். முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே விகிதமா என்று பினியன், கிரவுன் பற்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

முன்னும் பின்னும் ஒரே விகிதம் என்பதில் சலுகை கிடையாது. இந்த டிரான்ஸ்ஃபரில் நடு டிஃப் இல்லை. பின்னால் 4.88, முன்னால் 4.10 என்று வைத்துக்கொண்டு கெட்டித் தரையில் நான்கு சக்கர இயக்கம் போட்டால், முன் பின் ஷாஃப்டுகள் ஒன்றையொன்று முறுக்கி, டயர் வழுக்காதவிடத்து டிரான்ஸ்ஃபர் பல்லோ ஷாஃப்டோ உடையும். இந்த வார இறுதியில் பின்னது, அடுத்த வாரம் முன்னது என்று பிரித்துச் செய்வதென்றால், முன் பிராப் ஷாஃப்டை அதுவரை கழற்றியே வைத்துவிடுங்கள். வீட்டில் வேறொருவர் வண்டியை எடுத்து, தெரியாமல் நெம்புகோலை இழுத்தாலும் ஒன்றும் ஆகாது.

பின் டிஃபைக் கழற்றுவது எளிது. எண்ணெயை வடித்து, டிரம்மைக் கழற்றி, பிரேக் தட்டுக்குப் பின்னுள்ள நான்கு நட்டுகளை எடுத்து, சைடு ஷாஃப்டை வெளியே இழுக்க வேண்டும். பிறகு பிராப் ஷாஃப்ட், கடைசியில் டிஃபைச் சுற்றியுள்ள பத்து நட்டு. உருண்டை கனமானது. தனியாளாக நெஞ்சில் தாங்கி இறக்காதீர்கள், தள்ளு ஜாக் மேல் இறக்குங்கள். முன்பக்கம் அரை நாள் கூடுதலாகும். ஃப்ரீவீல் ஹப், 54 மி.மீ. ஹப் நட்டு, ஸ்பிண்டில் எல்லாம் கழன்ற பிறகுதான் பந்து மூட்டோடு ஷாஃப்ட் வெளியே வரும். அவ்வளவு தூரம் கழற்றிய பின் உள் ஆயில் சீலை மாற்றாமல் மூடுவது பெரிய தவறு. அந்தச் சீல் போனால் டிஃப் எண்ணெய் நக்கிளுக்குள் (முன் சக்கரத்தைத் திருப்பும் மூட்டின் கூட்டுக்குள்) புகுந்து மாலிப்டினம் கிரீஸைக் கரைத்து, சக்கரத்தின் உட்புறம் கறுப்புச் சாறாக ஒழுகும்.

வேலையின் மையம் பல் பொருத்துவதுதான். வேண்டிய கருவிகள்: காந்தப் பீடத்தோடு டயல் கேஜ், டார்க் ஸ்பானர், பேரிங் இழுப்பான், ஒரு பிரஸ், பல் பூச்சு மை. பேரிங் முழுவதும் புதிது போடுங்கள். அசலில் வந்தது கோயோ, அதுவோ அதே தரமோ போதும். கழற்றும் முன் பேரிங் தொப்பி இரண்டிலும் இடம், வலம் என்று புள்ளி அடித்துக்கொள்ளுங்கள். அவை இடம் மாறினால் துளை வட்டமாக இராது.

கிரவுன் வீலைச் சுத்தியால் அடித்து ஏற்ற வேண்டாம். கொதிநீரில் சூடேற்றி, துடைத்து, டிஃப் கூட்டின் மேல் வைத்தால் தானே அமரும். ஆறிய பின் போல்ட்டுகளை எதிரெதிராக, 97 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையத் தகடுதான் பினியனின் ஆழத்தைத் தீர்மானிக்கும். பழைய ஷிம்மையே முதல் முயற்சிக்குப் போடுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் பேரிங்கை அழுத்தி ஏற்றி, இழுத்து எடுத்தால் புதுப் பேரிங் பாழாகிவிடும். அதற்குப் பழைய பேரிங்கின் உள்துளையைத் தீட்டுத் தாளால் சற்றுப் பெரிதாக்கி, கையால் நழுவும்படி ஒரு சோதனைப் பேரிங் செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு சிறு தயாரிப்பு ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும்.

பினியன் பேரிங்கின் இறுக்கம், புதுப் பேரிங்குக்கு 1.9 முதல் 2.5 நியூட்டன் மீட்டர். இவ்வளவு சிறிய அளவைச் சாதாரண டார்க் ஸ்பானர் காட்டாது. மீன் எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு இருந்தால் போதும். பினியன் ஃபிளாஞ்சில் ஒரு பட்டையைப் பூட்டி, மையத்திலிருந்து சரியாக 10 செ.மீ. தள்ளித் தராசைக் கொக்கியிட்டு, பட்டைக்குச் செங்குத்தாக இழுங்கள். சுழலத் தொடங்கும்போது 1.9 முதல் 2.6 கிலோவுக்குள் காட்ட வேண்டும். இந்த இறுக்கத்தைத் தருவது நசுங்கும் சிலீவ். நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கும். ஒரு மயிரிழை கூடினாலும் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புது சிலீவ்தான் போட வேண்டும். எனவே இரண்டு சிலீவ் வாங்கி வையுங்கள். பாறையில் அடிபடும் வண்டிக்கு நசுங்காத கெட்டி சிலீவும் ஷிம் தொகுதியும் நல்லது. சரிசெய்ய நேரம் பிடிக்கும், ஆனால் அதிர்ச்சியில் தளராது.

அடுத்து கிரவுன் வீலை அதன் இருபுறமும் உள்ள திருகு வளையங்களால் நகர்த்தி, பற்களின் இடைவெளியை 0.13 முதல் 0.18 மி.மீ.க்குள் கொண்டுவர வேண்டும். டயல் கேஜ் முனை பல்லின் வெளி ஓரத்தில், பல்முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும். நான்கு இடத்திலாவது அளங்கள். இடைவெளி சரியானதும் வளையத்தை ஒன்று அல்லது ஒன்றரைப் பல் கூடுதலாக இறுக்கி, தொப்பி போல்ட்டுகளை 78 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, இடைவெளியை மறுபடி பாருங்கள்.

இப்போது மை. நான்கைந்து பற்களில் பூசி, கிரவுன் வீலை மரக்கட்டையால் சற்றுத் தடுத்துப்பிடித்துக்கொண்டு பினியனை இருபுறமும் சுற்றினால் தொடர்புத் தடம் விழும். தடம் பல்லின் அடிவேர்ப் பக்கம் விழுந்தால் பினியன் அதிக ஆழத்தில் இருக்கிறது, மெல்லிய ஷிம் வேண்டும். பல் நுனிப் பக்கம் விழுந்தால் ஆழம் போதவில்லை, தடித்த ஷிம் வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். தடம் பல்லின் நீளவாக்கில் உள்ளோ வெளியோ நகர்ந்திருப்பதைப் பார்த்து ஷிம்மை மாற்றத் தொடங்குவார்கள். அது பெரும்பாலும் இடைவெளியின் விளைவு. முதலில் உயரவாக்கில், அதாவது வேருக்கும் நுனிக்கும் நடுவில், தடத்தைக் கொண்டுவாருங்கள். பிறகு நீளவாக்கை இடைவெளிக்குள் சரிசெய்யுங்கள்.

முன் டிஃபுக்கு ஒரு வேறுபாடு உண்டு. பின்பக்கத்துக்குச் செய்த அதே உருண்டையைத் திருப்பி முன்பக்கம் பூட்டுவதால், வண்டி முன்னோக்கிப் போகும்போது முன் டிஃபின் பற்கள் தங்கள் பின்முகத்தால்தான் இழுக்கின்றன. அந்த முகம் வலுக் குறைந்தது. எனவே முன் டிஃபில் மைத் தடத்தைப் பார்க்கும்போது குழிந்த பின்முகத்தின் தடமே முதன்மை. அங்கே தடம் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால், முன்முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

விகிதம் கூடக்கூட உடையும் இடமும் மாறும். முன்பு கிளட்ச் வழுக்கித் தப்பித்த இடத்தில், 90 விகிதத்தில் ஷாஃப்டும் முன் பந்து மூட்டும் முழு விசையை வாங்கும். முன் டிஃப் லாக்கும் போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முதலில் உடைவது அந்த மூட்டுதான். ஒடித்த நிலையில் அதன் குண்டுகள் கூட்டின் ஓரத்தில் நின்று சுமை தாங்குகின்றன. டிஃப் லாக் முதலில் பின்னால் மட்டும் போதும். அதற்கும் முன்னால் ஒன்று: கல் பாதை தொடங்கும் இடத்தில் டயர் காற்றைக் குறைத்துப் பார்க்காதவர்கள் டிஃப் லாக்குக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

மூடும்போது டிஃப் முகத்தில் சீலன்ட் இழை அறுபடாமல் ஓடட்டும். எண்ணெய் ஜிஎல்-5, 80டபிள்யூ-90. நிரப்பு துளையில் வழியும்வரை ஊற்ற வேண்டும். கியர்பாக்ஸுக்கு அதையே ஊற்றிவிடாதீர்கள். பழைய பெட்டியின் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஜிஎல்-4 தான் ஏற்றது. ஆக்சிலின் மூச்சுக் குழாயைக் கையோடு எஞ்சின் அறைவரை நீட்டிவிடுங்கள். சூடான டிஃப் ஆற்றில் இறங்கியதும் உள்காற்று சுருங்கும், மூச்சுக் குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வடித்த எண்ணெய் பால்விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

புதுப் பல் முதல் ஓட்டத்தில் மிகவும் சூடாகும். அந்தச் சூட்டில் பல்முகம் பழுதானால் பிறகு வாழ்நாள் முழுவதும் முனகும். முதல் 20, 25 கி.மீ. மெதுவாக ஓட்டி, நிறுத்தி, கை வைக்கும் அளவுக்கு முழுதாக ஆற விடுங்கள். இதையே இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 800 கி.மீ.வரை டிரெய்லர் இழுக்க வேண்டாம், சானி பக்கமும் வேண்டாம். 800-இல் எண்ணெயை வடித்து, அடைப்பு நட்டின் காந்தத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிற நெய்போல் ஒட்டியிருந்தால் அது பல் படிந்த தூள், துடைத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றலாம். நகத்தில் சிக்கும் செதிலோ ஊசியோ இருந்தால் மூடாதீர்கள். உருண்டையை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்து, பினியன் இறுக்கத்திலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.